அத்தியாயம் 3: காட்சிக்கு முன் கதை

திரைக்கதை எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் 'காட்சி 1' என்று தலைப்புப் போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு காட்சிகள் மளமளவென்று வந்துவிடும். தெரு, டீக்கடை, நாயகனின் நண்பர்கள், நாயகி வீட்டு வாசல் என்று எழுத எவ்வளவோ இருக்கும். முப்பதாவது காட்சியை நெருங்கும்போது பேனா நின்றுவிடும். வசனம் ஓடவில்லை என்றுதான் அப்போது தோன்றும். ஆனால் தீர்ந்துபோனது கதை. இடைவேளையில் என்ன நடக்கும், கடைசியில் யார் என்ன முடிவெடுப்பார்கள் என்பதையெல்லாம் 'எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டதன் விளைவு இது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. காட்சி பிரிப்பதற்கு முன்பே, முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உரைநடையாக எழுதிவிட வேண்டும். முழுநீளப் படத்துக்கு நான்கைந்து பக்கம், குறும்படத்துக்கு ஒன்றரைப் பக்கம் போதும். இதைக் கதைச் சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பக்கம் சரியில்லை என்றால் கிழித்துப்போட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு எழுதலாம். 120 பக்கம் எழுதி முடித்தபின் கிழிக்க யாருக்கும் மனம் வராது. ஓட்டை இருப்பது தெரிந்தும் படப்பிடிப்புக்குக் கிளம்பிவிடுவோம்.

சொல்லும் கதையும் எழுதும் கதையும்

நம் சினிமாவில் கதை வாயால் சொல்லப்படுவது. தயாரிப்பாளரிடமும் நடிகரிடமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக் கதை சொல்லும் திறமை இங்கே பெரிய தகுதி. அந்தத் திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் தன் கதையின் ஓட்டைகளைத் தன்னை அறியாமலேயே மூடிவிடுவார். குரலை ஏற்றி, கையை வீசி, 'அப்படியே கட் பண்ணா...' என்று தாண்டிப் போய்விடுவார். கேட்பவரும் அந்த வேகத்தில் கூடவே தாண்டிவிடுவார்.

தாளில் குரல் கிடையாது. 'அவன் ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பப் போனான்?' என்ற கேள்விக்குத் தாளில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இல்லாதது பளிச்சென்று தெரியும். ஆகவே எழுதிய பிறகு சொல்லிப் பாருங்கள். டிஸ்கஷனில் நண்பர்களை உட்காரவைத்துச் சொல்லும்போது, அவர்கள் எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார்கள் என்று கவனித்து, அந்தப் பத்தியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். சொல்வதும் எழுதுவதும் ஒன்றையொன்று திருத்தும். ஆனால் எழுத்து முதலில் வரவேண்டும்.

கிரஹாம் கிரீன் செய்தது

இந்த முறைக்கு நன்றாகப் பதிவான உதாரணம் 1949இல் வெளிவந்த 'தி தேர்ட் மேன்'. இயக்கியவர் கரோல் ரீட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் பங்கிட்டு ஆண்ட வியன்னா நகரை வைத்து ஒரு படம் வேண்டும் என்று தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா விரும்பினார். எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் அப்போது இருந்தது ஒரு விதைதான். எப்போதோ ஓர் உறையின் மடிப்பில் அவர் குறித்துவைத்த ஒரு பத்தி அது. நண்பனின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட ஒருவன், சில நாள் கழித்து அதே நண்பன் லண்டன் தெருக் கூட்டத்தில் நடந்துபோவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

1948இல் கிரீன் வியன்னாவுக்குப் போனார். பென்சிலின் மருந்தைக் கள்ளச் சந்தையில் கலப்படம் செய்து விற்கும் கும்பல்களைப் பற்றியும், நகரின் அடியில் ஓடும் பிரம்மாண்டமான சாக்கடைகளைக் காவல் காக்கும் போலீஸ் பிரிவைப் பற்றியும் கேள்விப்பட்டார். விதைக்கு மண் கிடைத்துவிட்டது. அதன் பிறகும் அவர் நேராகத் திரைக்கதைக்குப் போகவில்லை. முதலில் அதை ஒரு குறுநாவலாக எழுதினார். கதையை எழுதாமல் திரைக்கதை எழுதுவது தனக்கு ஏறக்குறைய முடியாத காரியம் என்று, 1950இல் அந்தக் கதை புத்தகமாக வந்தபோது முன்னுரையில் சொன்னார். படம் என்பது சம்பவங்களின் கோவை மட்டுமல்ல, அதில் ஆட்களின் குணமும் சூழலின் மனநிலையும் இருக்கின்றன, அவற்றைத் திரைக்கதையின் வறண்ட சுருக்கெழுத்தில் முதன்முறையாகப் பிடிப்பது கடினம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கதை வாசிப்பதற்காக எழுதப்பட்டதல்ல, பார்ப்பதற்காக எழுதப்பட்டது என்றும் தெளிவுபடுத்தினார்.

கதை கைக்கு வந்தபின் கிரீனும் ரீடும் அறைக்குள் நடந்தபடி, காட்சிகளை ஒருவருக்கொருவர் நடித்துக்காட்டித் திரைக்கதையை உருவாக்கினார்கள். நம்முடைய டிஸ்கஷனுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அறைக்குள் நுழையும்போது மேசைமேல் முழுக் கதை இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நீங்கள் குறுநாவல் எழுத வேண்டியதில்லை. கிரீன் நாவலாசிரியர், அவருக்கு அந்த நீளம் கைவந்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசை.

கதைச் சுருக்கம் சிறுகதை ஆகாது

பத்திரிகைக்கு எழுதும் சிறுகதை, சொல்பவரின் குரலில் வாழலாம். ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முப்பது வருடத்தை நினைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல சிறுகதையாகிவிடும். திரையில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தெரியும். கிரீனின் குறுநாவலைச் சொல்பவர் ஒரு போலீஸ் அதிகாரி. முழுக் கதையும் அவர் குரலில் போகிறது. படத்தில் அந்தக் குரல் இல்லை. நமக்கு அருகிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979இல் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' அதற்குத் தூண்டுதல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தும் பார்த்தும் ஒப்பிடுங்கள். எது வந்தது என்பதைவிட எதெல்லாம் விடப்பட்டது, எதெல்லாம் புதிதாக முளைத்தது என்று பட்டியல் போடுவது நல்ல பயிற்சி.

சுருக்கம் எழுதும்போது கைக்கொள்ள வேண்டியவை இவை:

1. நிகழ்காலத்தில் எழுதுங்கள். 'வந்தார், பார்த்தார்' என்றால் முடிந்துபோன செய்தி. 'வருகிறார், பார்க்கிறார்' என்றால் கண்முன்னே நடப்பது.

2. ஒருவரை அறிமுகப்படுத்தும்போது வயது, தொழில், இப்போது அவருக்கு உடனடியாக என்ன வேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். குணத்தைச் சொல்லவேண்டாம். 'நேர்மையானவர்' என்பதை எந்தக் காமிராவும் படம்பிடிக்காது.

3. வசனம் எழுதாதீர்கள். கதையே ஒரு வார்த்தையில் திரும்புகிறது என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

4. காமிரா, பாட்டு, சண்டை எதுவும் வேண்டாம். ஒரு பாட்டுக்குள் இருவர் உறவு மாறுகிறது என்றால் அந்த மாற்றத்தை எழுதுங்கள்.

5. இடைவேளை எங்கே என்று குறியுங்கள். நம் பார்வையாளர் அங்கே எழுந்து வெளியே போய்த் திரும்ப வந்து உட்காருகிறார். அவரை எந்தக் கேள்வியோடு வெளியே அனுப்புகிறோம் என்பது எழுத்தாளரின் பொறுப்பு.

6. முடிவை எழுதுங்கள். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்பது பாட்டுப்புத்தகத்துக்குச் சரி. இங்கே அப்படி எழுதினால் முடிவு உங்களுக்கே தெரியாது என்று பொருள்.

ஒரு மாதிரி

ஒன்லைன்: பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவர் பணத்தேவைக்காக ஊர்த் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் தோப்புக்குத் திருப்பிவிடுகிறார், பிடிபடுகிறார்.

இது ஒரு நல்ல சூழ்நிலை, இன்னும் கதையாகவில்லை. எழுதிப் பார்ப்போம்:

மாரிமுத்து, வயது 52, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர். மோட்டார் போடுவதும், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் முறைவைத்து வால்வைத் திறப்பதும் அவர் வேலை. உதவிக்குக் கதிர் என்ற இளைஞன். மாரிமுத்து குடியிருப்பது கீழத்தெருவில். கோடைக்காலம். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. மகள் செல்விக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கெடு நெருங்குகிறது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். அதனால், முன்பு ஒருமுறை தானே மறுத்தனுப்பிய தோப்புக்காரரின் வீட்டுக்கு இப்போது தானே போகிறார். இரவில் ஒரு மணி நேரம் தோப்புப் பக்கம் வால்வைத் திறந்துவிட்டால் கட்டணத்தைத் தோப்புக்காரர் கட்டிவிடுவார். மாரிமுத்து சம்மதிக்கிறார்.

கட்டணம் கட்டியாயிற்று. ஆனால் கீழத்தெருவில் தண்ணீர் வரும் நேரம் குறைகிறது. குழாயடியில் காத்துநிற்கும் பெண்களில் மாரிமுத்துவின் மனைவியும் ஒருத்தி. மோட்டாரில் பழுது என்று அவர் சமாளிக்கிறார். அதனால் தெருவே கூடி, புது மோட்டார் கேட்டு பி.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுக்க முடிவுசெய்கிறது. மனு எழுதும் பொறுப்பு செல்விக்கு. ஆதாரம் வேண்டுமே என்று, மோட்டார் ஓடும் நேரத்தையும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் தினமும் ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குகிறாள். முதல் வாரக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறாள். மோட்டார் பழுதில்லை, தண்ணீர்தான் வேறெங்கோ போகிறது. [இடைவேளை]

செல்வி சந்தேகத்தை அப்பாவிடமே கேட்கிறாள். அதனால் மாரிமுத்து தோப்புக்காரரிடம் போய் நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் தோப்புக்காரர் கல்லூரி ரசீதை எடுத்து மேசைமேல் வைக்கிறார். மாரிமுத்து தொடர்கிறார். ஓர் இரவு, மறந்துவைத்த சைக்கிளை எடுக்கத் தொட்டியடிக்கு வரும் கதிரைத் தெருக்காரர்கள் பார்த்துவிடுகிறார்கள். பழி அவன்மேல் விழுகிறது, வேலையும் போகிறது. கதிரின் பெயரைச் சேர்த்துத் திருத்திய மனு, கையெழுத்துக்காக மாரிமுத்து வீட்டுக்கு வருகிறது. அவர் பேனாவை வாங்குகிறார். மனுவைத் தள்ளிவைத்துவிட்டுச் செல்வியின் நோட்டைத் திறந்து, அதில் இல்லாத இரவு நேரங்களைத் தேதி வாரியாகத் தன் கையால் எழுதி அவளிடம் கொடுக்கிறார்.

ஒன்லைனில் 'பிடிபடுகிறார்' என்று இருந்தது. அப்படி முடித்தால் கடைசியில் செயல்படுவது ஊர். நாயகன் தலைகுனிந்து நிற்பான். எழுதும்போதுதான் இரண்டு கேள்விகள் எழுந்தன. முதல் கேள்வி, ஒரு மணி நேரத் தண்ணீர் குறைவதை யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? 'உண்மை ஊருக்குத் தெரியவருகிறது' என்று எழுதினால் வாக்கியம் முடிந்துவிடும், காட்சி கிடைக்காது. நோட்டு அந்தத் தேவையிலிருந்து வந்தது. அதை எழுதுபவள் மகள் என்றதும், எந்தக் கட்டணத்துக்காகத் தப்பு செய்தாரோ அந்தப் படிப்பே அவருக்கு எதிராகக் கணக்குப் போடுகிறது. இரண்டாவது கேள்வி, அவர் தானாக ஒப்புக்கொள்ள என்ன காரணம்? மனசாட்சி என்று எழுதினால் போதாது. தன் குற்றத்துக்கு வேறொருவன் பலியாகும்போதுதான் சும்மா இருப்பதும் ஒரு செயலாகிவிடுகிறது. அதற்காகக் கதிர் வந்தான். வந்தபின் அவனை முதல் பத்தியிலேயே கொண்டுபோய் நிறுத்தினோம்.

எழுதியதைச் சோதிப்பது

முதல் சோதனை: வாக்கியங்களின் இடையே 'அப்புறம்' வருகிறதா, 'அதனால்', 'ஆனால்' வருகிறதா என்று அடிக்கோடிடுங்கள். இரண்டு சம்பவங்களை 'அப்புறம்' மட்டுமே இணைக்கிறது என்றால் ஒன்றை நீக்கினாலும் மற்றது நிற்கும். நீக்கிப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை: ஓட்டையை மூடும் சொற்களைத் தேடுங்கள். 'ஒரு கட்டத்தில்', 'பல சிக்கல்களுக்குப் பிறகு', 'தெரியவருகிறது', 'மனம் மாறுகிறான்', 'இருவரும் நெருக்கமாகிறார்கள்'. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதப்படாத நான்கைந்து காட்சிகள் ஒளிந்திருக்கும். சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்த இடத்தில் ஒரு செயலையோ ஒரு பொருளையோ வையுங்கள்.

மூன்றாவது சோதனை: ஒவ்வொரு பத்தியின் முக்கிய வினையையும் செய்வது யார்? தொடர்ந்து இரண்டு பத்திகளில் மற்றவர்களே செயல்பட்டு, நாயகர் வாங்கிக்கொண்டே இருந்தால் படம் அங்கே தளரும். மாதிரிக் கதையில் தோப்புக்காரர் மாரிமுத்துவைத் தேடி வருவதாக இருந்தால் அவர் பலியாள். அவரே தேடிப் போவதால் முடிவு அவருடையது.

நான்காவது சோதனை செலவு. எத்தனை இடம், எத்தனை இரவுக் காட்சி, எங்கே கூட்டம் வேண்டும் என்று எண்ணுங்கள். நம் மாதிரியில் இரவுக் காட்சிகள் அதிகம். விளக்குச் செலவும் அதிகம். கதைக்கு மாடோ நாயோ தேவைப்பட்டால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் ஐந்து பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிவிடலாம்.

சுருக்கத்திலிருந்து சீன் ஆர்டர்

சோதனையில் தேறியபின், ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு அது நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். இடமோ நேரமோ மாறினால் புதுக் காட்சி. மாதிரியின் இரண்டாவது பத்தித் தொடக்கம் இப்படிப் பிரியும்:

காட்சி 18. இரவு. வெளி. தொட்டியடி. மாரிமுத்து முதல்முறையாகத் தோப்பு வால்வைத் திறக்கிறார். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

காட்சி 19. பகல். உள். கல்லூரி அலுவலகம். செல்வியின் கையில் சேர்க்கைத் தாள். ரசீதைத் தோப்புக்காரரின் ஆள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.

காட்சி 20. விடியற்காலை. வெளி. கீழத்தெருக் குழாயடி. குடங்களின் வரிசை. தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுபோகிறது. மாரிமுத்துவின் மனைவியின் முறை இன்னும் வரவில்லை.

காட்சி 21. காலை. உள். மாரிமுத்து வீடு. மனைவி வெறுங்குடத்தை இறக்கிவைக்கிறாள். மோட்டார் பழுது என்று அவர் சொல்கிறார்.

காட்சி 19இல் ஒன்றைக் கவனியுங்கள். ரசீது சுருக்கத்தில் பிற்பாதியில்தான் வருகிறது. சீன் ஆர்டர் போடும்போது, அதை முன்பே பார்வையாளர் கண்ணில் படவைக்க வேண்டும் என்பது தெரிந்தது. இப்படிச் சில புதுக் காட்சிகள் பிறக்கும், சில வாக்கியங்கள் ஒரே காட்சிக்குள் அடங்கும். முழுநீளப் படத்துக்குப் பொதுவாக 60 முதல் 80 காட்சிவரை வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினால் வரிசை மாற்றுவது எளிது. வசனத்துக்கு இதன் பிறகுதான் வேலை.

சுருக்கத்தை எப்போது மீறுவது

கிரீனின் குறுநாவலில், கல்லறையிலிருந்து திரும்பும் நாயகனும் நாயகியும் கைகோத்து நடந்துபோகிறார்கள். அப்போதுதான் புதைக்கப்பட்டவன் அவளுடைய காதலன், அவன் சாவில் நாயகனுக்குப் பங்குண்டு. இவ்வளவு சீக்கிரம் அவள் நாயகனோடு சேர்வது பொருந்தாது என்றார் ரீட். கிரீன் தயங்கினார். படத்தில், நீண்ட சாலையின் கோடியிலிருந்து நடந்துவரும் அவள், காத்துநிற்கும் நாயகனைத் திரும்பியும் பார்க்காமல் கடந்துபோகிறாள். ரீடின் முடிவே சரி என்று பின்னால் கிரீன் ஒப்புக்கொண்டார். கதை முழுசாக எழுதப்பட்டிருந்ததால்தான் இருவரும் ஒரே முடிவைப் பற்றி வாதாட முடிந்தது. சுருக்கம் உங்களைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் கிடையாது. பாத்திரம் ஒரு முடிவை ஏற்க மறுக்கிறது என்று காட்சி எழுதும்போது தெரிந்தால் மாற்றுங்கள். ஆனால் மாற்றியதும் சுருக்கத்துக்குத் திரும்பி, அந்த மாற்றம் முன்பாதியில் எந்தெந்த வாக்கியத்தைத் தொடுகிறது என்று பார்த்துத் திருத்திவிட்டு மேலே போங்கள்.

'பதேர் பாஞ்சாலி'க்கு சத்யஜித் ராய் வழக்கமான முறையில் முழுத் திரைக்கதை வைத்துக்கொள்ளவில்லையே, படங்களாக வரைந்து வைத்துக்கொண்டுதானே எடுத்தார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவருக்குப் பின்னால் விபூதிபூஷணின் நாவல் இருந்தது. கதை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

தேதியும் பதிவும்

எழுதிய சுருக்கத்துக்கு இன்னொரு பயன் உண்டு. ஒரு யோசனைக்கோ கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டீக்கடையில் சொன்ன ஒன்லைனை யாராவது எடுத்துக்கொண்டால் சட்டப்படி செய்வதற்கு அதிகம் இல்லை. பாத்திரங்களும் சம்பவ வரிசையும் முடிவும் கொண்ட ஐந்து பக்கத்தின் நிலை வேறு. ஒவ்வொரு வடிவத்திலும் தேதி போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். யாரிடமும் கொடுப்பதற்கு முன் சென்னையிலுள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவுசெய்துகொள்வது நல்லது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வடிவத்தை அனுப்பினீர்கள் என்று மின்னஞ்சலில் தடயம் இருக்கட்டும்.

பயிற்சி

1. உங்களுக்கு மனப்பாடமான ஒரு படத்தின் கதையை, மீண்டும் பார்க்காமல், இரண்டு பக்கத்தில் நிகழ்காலத்தில் எழுதுங்கள். பிறகு படத்தைப் பார்த்து, நீங்கள் மறந்த காட்சிகளைப் பட்டியலிடுங்கள். அவை இல்லாமலும் கதை நிற்கிறதா என்று பாருங்கள்.

2. மாரிமுத்து கதையில் தோப்புக்காரர் தானாகத் தேடி வருவதாக மாற்றி முழுச் சுருக்கத்தையும் திரும்ப எழுதுங்கள். முடிவு எப்படி மாறவேண்டியிருக்கிறது என்று குறியுங்கள்.

3. உங்கள் சொந்தக் கதையை ஐந்து பக்கத்தில் எழுதி மூன்று நாள் தொடாமல் வையுங்கள். பிறகு மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்யுங்கள். சிவப்பு வட்டம் ஒன்றாவது மிச்சமிருக்கும்வரை அடுத்த அத்தியாயத்துக்குப் போகவேண்டாம். அங்கே வசனம் தொடங்குகிறது.